பெயர் இல்லாதவர்களின் புத்தகம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி நிதானமாகப் படியுங்கள்.

34 வருடம் ஆரம்பப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள் நான். படிப்பு என்று பார்த்தால் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிதான். கல்லூரிக்குப் போய் இலக்கியம் படித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் மனம்போல் படிக்க நேரம் கிடைத்தது. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகம் படிப்பதும், படித்ததை இங்கே வந்து உங்களிடம் சொல்வதும் என் வழக்கம். பழைய நண்பர்களுக்கு இது தெரியும்.

போன வருடம் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில் ஒல்லியான ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. விலை 40 ரூபாய். எழுதியவர் நத்தாலி சரோத் என்ற பிரெஞ்சு எழுத்தாளர். புத்தகத்தின் பெயர் 'ட்ரோபிஸம்ஸ்'. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் மரியா ஜோலாஸ். சரோத்தின் 'சந்தேகத்தின் காலம்' என்ற கட்டுரைத் தொகுப்பும் அதே அட்டைக்குள் சேர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தால் 24 சின்னச் சின்னத் துண்டுகள். தலைப்பு கிடையாது, எண் மட்டும்தான். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் தொடர்ச்சி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் நடமாடும் மனிதர்கள் யாருக்கும் பெயர் இல்லை. அவன், அவள், அவர்கள். அவ்வளவுதான்.

முதல் துண்டில் ஒரு கூட்டம் கடைக் கண்ணாடி முன்னால் நின்று வேடிக்கை பார்க்கிறது. பிள்ளைகள் பெரியவர்கள் கையைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருக்கிறார்கள். முடிந்தது. இன்னொரு துண்டில் வெயில் கொளுத்தும் பகலில், சத்தமே இல்லாத வீட்டில், ஒரு பெண் கட்டில் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் முடிந்தது. வேறொன்றில் பெண்கள் தேநீர்க் கடையில் கூடிப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், என்ன வேலை என்று ஒன்றும் சொல்வதில்லை.

நானோ டீச்சர். நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். முதல் துண்டில் வரும் 'அவள்'தான் ஐந்தாவது துண்டில் வரும் 'அவளா' என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்தாவது துண்டு வரும்போது கட்டம் குழம்பிப்போய்விட்டது. "40 ரூபாய் தண்டம்" என்று சொல்லி டிவி மேஜைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அந்த அம்மாவின் வாழ்க்கை வரலாறு படிக்கக் கிடைத்தது. அதன் பிறகு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை கீழே வைக்க முடியவில்லை. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சரோத் 1900-ஆம் வருடம் ரஷ்யாவில், மாஸ்கோவுக்கு வடகிழக்கே இவானோவோ என்ற துணி ஆலை நகரத்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சாயத் தொழிற்சாலை வைத்திருந்த வேதியியலாளர். அம்மா எழுத்தாளர். குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். ரஷ்யாவுக்கும் பிரான்சுக்குமாக அலைந்த அந்தக் குழந்தை, கடைசியில் 1909-இல் பாரிசில் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. பிறகு பாரிசில் ஆங்கிலம், ஆக்ஸ்போர்டில் வரலாறு, பெர்லினில் சமூகவியல் என்று படித்து, சட்டமும் முடித்து வக்கீல் ஆனார். 1925-இல் உடன் படித்த ரேமோன் சரோத்தைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று பெண் குழந்தைகள்.

1932-இல் இந்தத் துண்டுகளை எழுத ஆரம்பித்தார். தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டைப்பெட்டியில் ஒரு பக்கம் ஓட்டை போட்டு, உள்ளே அவரைச் செடித் தொட்டியை வைப்போமே, நினைவிருக்கிறதா? நாலைந்து நாளில் செடி ஓட்டைப் பக்கம் வளைந்துவிடும். நம் பாடப்புத்தகத்தில் அதற்குச் சார்பசைவு என்று பெயர். செடி யோசித்து வளைவதில்லை, தானாக வளைகிறது. இரண்டு மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் உள்ளுக்குள் இப்படித்தான் நடக்கிறது என்கிறார் சரோத். ஒருவரை நோக்கி மனம் சாய்கிறது, இன்னொரு சொல் கேட்டதும் சுருங்குகிறது, ஒளிகிறது, மறுபடி எட்டிப் பார்க்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் அது போய்விடும். அதற்கு நம்மிடம் வார்த்தை இருக்காது. பேச்சுக்கு அடியில் ஓடும் அந்த அசைவைப் பிடிப்பதுதான் அவருக்கு வேலை.

எட்டாவது துண்டைச் சொன்னால் புரியும். வயதான ஒருவர் சின்னப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறார். பார்த்து வா, வண்டி வருகிறது என்று ஜாக்கிரதை சொல்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் பாசமான தாத்தா. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் எதையோ மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பதுபோல் மூச்சு முட்டுகிறது. நாம் குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவோமே, அப்படி. இதைப் படித்துவிட்டு அன்று முழுக்க என் பேரனை "பார்த்துப் போ, பார்த்துப் போ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த மாதிரி எழுத்தை யார் போடுவார்கள்? கலிமார், கிராசே என்ற இரண்டு பெரிய பதிப்பகங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் தெனொயேல் என்ற பதிப்பாளர் 1939 தொடக்கத்தில் வெளியிட்டார். அப்போது 19 துண்டுகள். இதில் ஒரு விபரீதம் பாருங்கள். செலின் என்ற எழுத்தாளர் யூதர்களைத் தாக்கி வெறுப்பைக் கக்கி எழுதிய நூல்களை 1937-லும் 1938-லும் வெளியிட்டவரும் இதே தெனொயேல்தான். அதே கடையிலிருந்துதான் ஒரு யூதப் பெண்ணின் முதல் புத்தகமும் வந்தது.

புத்தகம் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. தத்துவவாதி சார்த்தரும் கவிஞர் மாக்ஸ் ஜாக்கொப்பும் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அதே வருடம் செப்டம்பரில் போர் வந்துவிட்டது.

1940 ஜூன் 14 அன்று ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 27-இல் ஒரு உத்தரவு: யூதர்கள் எல்லோரும் வந்து பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாரிசிலும் சுற்றுப்புறத்திலும் மக்கள் காவல் நிலையங்களுக்கு முன்னால் வரிசையில் நின்று பதிவு செய்தார்கள். ஏறக்குறைய 1,50,000 பேர். சட்டம் சொல்கிறது, நாம் ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பெயர்களை வைத்து பாரிஸ் காவல்துறையில் ஆந்த்ரே துலார் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் அட்டைகள் தயாரானது. நான்கு விதமாக அடுக்கினார்கள். பெயரின் அகர வரிசைப்படி ஒன்று. எந்த நாட்டுக் குடிமகன் என்பதன்படி ஒன்று. குடியிருக்கும் தெருவின்படி ஒன்று. செய்யும் தொழிலின்படி ஒன்று. யாரை வேண்டுமானாலும் எந்தப் பக்கமிருந்தும் தேடி எடுக்கலாம். ஒரு அலுவலக வேலை என்று மட்டும் பார்த்தால் வெகு நேர்த்தி.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுப் போலீசார் அந்த அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போனார்கள். இரண்டு நாளில் 13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்ட அந்தக் குழந்தைகளில் திரும்பி வந்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை.

இதைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். 34 வருடம் பதிவேடு எழுதிய கை இது. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், தொழில், முகவரி என்று அழகான கையெழுத்தில் எழுதியதற்கு ஆய்வாளரிடம் பாராட்டு வாங்கியவள். நான் எழுதியது பிள்ளைகளின் படிப்புக்காக. அந்த அட்டைகள் வேறு காரியத்துக்காக. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசவில்லை. ஆனாலும் அந்த நான்கு கட்டங்களும் எனக்குப் பழக்கமானவையாக இருந்தன.

சரோத்துக்கு என்ன ஆனது? 1940 அக்டோபர் 3-இல் பிரான்சின் விஷி அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டது. அடுத்தடுத்து வந்த சட்டங்களால் அவருடைய வக்கீல் தொழில் பறிபோனது. 1942 ஜூனிலிருந்து யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்றார்கள். அவர் அணிய மறுத்துவிட்டார். பாரிசுக்கு வெளியே ஜான்வ்ரி என்ற கிராமத்தில் இருந்தார். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து போலீசுக்குத் தப்பி ஓடிவந்த சாமுவேல் பெக்கெட்டுக்கு அங்கே சில நாட்கள் இடம் கொடுத்தார். பின்னாளில் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகம் எழுதி நோபல் பரிசு வாங்கிய அதே பெக்கெட்தான்.

அந்த ஊர் ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் சரோத்தைக் காட்டிக்கொடுத்தார். அங்கிருந்து தப்பி பர்மேன் என்ற ஊரில் ஒரு விடுதியில் போய் ஒளிந்தார். நிக்கோல் சொவாஜ் என்று பெயரை மாற்றிக்கொண்டார். கூட இருந்த மகள்களை என்ன சொல்வது? தன் சொந்த மகள்களுக்கே பாடம் சொல்லித்தர வந்த ஆசிரியை என்று நடித்தார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. என் மகள் மூன்றாம் வகுப்பு என் வகுப்பில்தான் படித்தாள். "பள்ளிக்கூடத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். ஒரு நாள் மறந்துபோய் "அம்மா, கணக்கு முடிச்சிட்டேன்" என்று நோட்டை நீட்டிவிட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பர்மேனில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி வாய் தவறி அம்மா என்று சொல்லியிருந்தால்? நாளெல்லாம் அந்தச் சொல்லைத் தொண்டையிலேயே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் நாலு பேர் முன்னால் பேச்சு சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும், அடியில் அந்தச் சொல் நெளிந்துகொண்டிருக்கும். 'ட்ரோபிஸம்ஸ்' என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. யூதர்களை வேட்டையாடியதால்தான் அவர் பெயரில்லாத மனிதர்களை எழுதினார் என்று சொல்வது தப்பு. 19 துண்டுகளும் போருக்கு முன்னாலேயே அச்சாகிவிட்டன. அவர் சொல்லும் காரணம் வேறு. 'சந்தேகத்தின் காலம்' கட்டுரையில் அதை விளக்குகிறார். பழைய நாவலாசிரியர் ஒரு பாத்திரத்துக்கு வீடு, சொத்து, வம்சம், உடை, முகம், பெயர் எல்லாம் கொடுப்பார். வாசகர் பெயரைக் கேட்டதும் "ஓ, இவர் கஞ்சன், இவர் பொறாமைக்காரர்" என்று ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுவார். பெயரை எடுத்துவிட்டால் டப்பா கிடைக்காது. அப்போது உள்ளே நடக்கும் அசைவைப் பார்த்தே ஆக வேண்டும். இதுதான் அவர் கணக்கு.

நமக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. அகப்பாட்டில் தலைவன், தலைவி யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் அகத்திணையியல் விதி வைத்திருக்கிறது. 'நெடுநல்வாடை'யில் ஒரு பெண்ணின் பிரிவுத் துயரம் வந்தாலும், ஒரு வேலில் வேப்பந்தழை கட்டியிருப்பதாகச் சொன்னதால், அது பாண்டியனின் அடையாளம், எனவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். ஒரு வேப்பந்தழைகூடப் பெயராகிவிடும் என்று பயந்திருக்கிறார்கள்! ஆனால் அகப்பாட்டில் திணையும் துறையும் நம்மைக் கைபிடித்து அழைத்துப் போகும். பேசுவது தோழியா செவிலியா என்று தெரியும். சரோத் அந்தக் கைப்பிடியையும் எடுத்துவிட்டார். அதனால்தான் முதல் தடவை தடுமாறுகிறது.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாராட்டிக் கடிதம் எழுதிய மாக்ஸ் ஜாக்கொப் பிறப்பால் யூதர், கத்தோலிக்கராக மாறி கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகியிருந்தது. பதிவேட்டுக்கு அதெல்லாம் கணக்கில்லை. 1944 மார்ச்சில் திரான்சி முகாமில் இறந்தார். சரோத் பிழைத்தார். 1948-இல் வந்த அவருடைய நாவலுக்கு சார்த்தர் முன்னுரை எழுதினார்.

1957-இல் மினுயி என்ற பதிப்பகம் 'ட்ரோபிஸம்ஸை' மறுபடி கொண்டுவந்தது. பழைய துண்டுகளில் ஒன்றை நீக்கி, புதிதாக ஆறைச் சேர்த்தார்கள். அப்படித்தான் 24 ஆனது. மினுயி என்றால் நள்ளிரவு. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் தலைமறைவாகத் தொடங்கிய பதிப்பகம் அது. 1942-இல் அது வெளியிட்ட முதல் புத்தகமும் வெர்கோர் என்ற புனைபெயரில்தான் வந்தது. வெறுப்பு நூல் போட்ட கடையில் பிறந்த புத்தகம், பெயரை மறைத்துக்கொண்டு எதிர்த்தவர்களின் கடைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வருடம் மே 22 அன்று 'லெ மோந்த்' நாளிதழில் எமில் ஆன்ரியோ என்ற விமர்சகர் இந்தப் புத்தகத்தையும் ரோப்-கிரியேயின் ஒரு நாவலையும் சேர்த்து மதிப்புரை எழுதினார். பிடிக்காமல்தான் எழுதினார். அதில் குறையாகச் சொன்ன 'புதிய நாவல்' என்ற பெயர்தான் பின்னால் ஒரு இலக்கிய இயக்கத்துக்கே பெயராகிவிட்டது. 1959-இல் மினுயி வாசலில் எடுத்த ஒரு புகைப்படம் பிரபலம். அதில் சரோத்தும் இருக்கிறார், அன்று ஒளிந்துகொள்ள வந்த பெக்கெட்டும் இருக்கிறார். சரோத் 99 வயது வரை வாழ்ந்து 1999 அக்டோபரில் காலமானார்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில யோசனை. ஒரே மூச்சில் படிக்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும். 'இது யார்' என்று தேடாதீர்கள். 'இந்த இடத்தில் யார் மனம் சுருங்கியது, எந்தச் சொல்லால் சுருங்கியது' என்று பாருங்கள். முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு உங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சை நினைத்துப் பாருங்கள்.

நான் நினைத்துப் பார்த்தது ஒன்று உண்டு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேலையில் சேர்ந்த புதிது. உதவித்தொகைப் பட்டியல் அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிள்ளைகளைச் சாதிவாரியாக எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணினேன். அப்போது அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். அவனுடைய முறை வந்ததும் உடனே எழுந்திருக்கவில்லை. பாதி எழுந்தான். பக்கத்துப் பையனைப் பார்த்தான். கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது. நிற்பதும் இல்லை, உட்காருவதும் இல்லை. "சீக்கிரம்டா" என்றேன். எழுந்து நின்றான். எண்ணிக்கொண்டேன்.

பட்டியல் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அவனுக்கு உதவித்தொகையும் வந்தது. பதிவேட்டில் அவனைப் பற்றி எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அந்தப் பாதி எழுந்த நிலையை எழுத அதில் கட்டம் இல்லை. இத்தனை வருடம் கழித்து அவன் பெயர் எனக்கு மறந்துவிட்டது. பெஞ்சைப் பிடித்திருந்த அந்தக் கை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

அதன் பிறகு நான் அப்படி எண்ணியதில்லை என்று சொன்னால் பொய். இன்னும் சில வருடம் எண்ணினேன். பிறகு பதிவேட்டைப் பார்த்து நானே எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். பத்து நிமிட வேலை அது. முதல் நாளே செய்திருக்கலாம்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள். மற்றவர்கள், பழைய புத்தகக் கடையில் இந்த ஒல்லிப் புத்தகம் கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு என் பிரதியைத் தரத் தயார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓரத்தில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருப்பேன், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.